பெட்டியில் 400 என்றிருந்தால் போதுமா? பேரடைகளைக் கலரில் பிடித்த படச்சுருள்கள்

தொலைகாட்டியில் முதல்முறையாக ஒரு நட்சத்திரப் பேரடையைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாந்துபோவார். கைத்தொலைபேசியில் பார்த்த படத்தில் நீலச் சுருள் கரங்கள், மஞ்சள் நடுப்பகுதி, இடையிடையே ரோஜா நிறப் புள்ளிகள் எல்லாம் இருந்தன. தொலைகாட்டியின் கண்வில்லையிலோ, ஜன்னல் கண்ணாடியில் சாம்பலை விரலால் தேய்த்தது போல ஒரு மங்கல் மட்டும் தெரியும். "அப்ப அந்தக் கலர் எல்லாம் கொம்பியூட்டரில பூசினதோ?" என்பதுதான் அடுத்த கேள்வி.

கேள்வி நியாயமானது. கணினிக்கு முன்பே, சாதாரணப் படச்சுருளின் காலத்திலேயே, இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நிறையப் பேர் நிறைய இரவுகளைச் செலவழித்திருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கலர் பிலிமைத் தெரிவு செய்தார்கள், ஏன் தெரிவு செய்தார்கள் என்பதைப் பார்த்தால், பேரடையின் நிறம் என்று நாம் சொல்வது என்ன என்பதும் விளங்கும்.

1990களில் மின்சாரம் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்தவர்களுக்கு இருண்ட வானம் புதிதல்ல. முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தால் பால்வீதி தலைக்கு மேலே கிடக்கும். விமானச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி பார்த்த வானம் அது. ஆனாலும் அவ்வளவு இருட்டில்கூட அந்தப் பால்வீதியை எவரும் கலரில் கண்டதில்லை. நாம் வாழும் பேரடையை உள்ளிருந்து பார்க்கும் காட்சிதான் பால்வீதி. அதில் நீல நட்சத்திரங்களும் சிவந்த வாயுமுகில்களும் நிறைய உண்டு. கண்ணுக்குத்தான் அவை எட்டுவதில்லை. விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கல் ஒளியில் வேலை செய்பவை கோல் கலங்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. அதனால்தான் நிலவில்லாத இரவில் செவ்வரத்தம்பூவும் சாம்பலாகத் தெரிகிறது.

கண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது ஒளியைச் சேர்த்து வைக்காது. பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலும் முதற்பார்வையைவிடப் பெரிதாக எதுவும் கூடுதலாகத் தெரியாது. பிலிம் அப்படியல்ல. மூடியைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் விழுகிற ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். 1888இல் இங்கிலாந்தில் ஐசாக் ரொபேர்ட்ஸ் என்பவர் அன்ட்ரொமீடாவை மணிக்கணக்கில் கண்ணாடித் தட்டில் பதித்தபோதுதான், அந்த மங்கலுக்குள் சுருள் வடிவம் இருப்பது வெளிப்பட்டது. 1923இல் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சனில் எடுத்த தட்டு ஒன்றில் ஒளிமாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் மூலம் அது நமது பால்வீதிக்கு அப்பாலுள்ள தனிப் பேரடை என்று நிறுவினார். இன்றைய கணிப்பில் அதன் தூரம் சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள். இரண்டு படங்களும் கறுப்பு வெள்ளைதான்.

கலருக்குப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது.

பிலிமுக்கும் களைப்பு உண்டு

கலர் பிலிம் ஒரே படலமல்ல. மெல்லிய தாளில் மூன்று படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியிருப்பார்கள். மேலேயுள்ளது நீல ஒளியைப் பிடிக்கும், நடுவிலுள்ளது பச்சையை, அடியிலுள்ளது சிவப்பை. மூன்றிலும் ஒளியைப் பிடிப்பது ஜெலற்றினில் தூவிய வெள்ளி உப்புத் துகள்கள்தான். பிலிமைக் கழுவும்போது, துகள்கள் இருந்த இடத்தில் மஞ்சள், மெஜந்தா, சயன் என்ற சாயங்கள் உருவாகின்றன. பின்பு வெள்ளி முழுவதும் அகற்றப்படும். ஆகவே நாம் கையில் பிடிக்கும் கலர்ப் படத்தில் மிஞ்சியிருப்பது சாயம் மட்டுமே.

பெட்டியின் மேல் 100, 200, 400 என்று எழுதியிருந்ததே, அது பிலிமின் வேகம். 400 என்றால் 100ஐவிட நான்கு மடங்கு ஒளியுணர்வு. கலியாண வீட்டுக்குப் படம் பிடிக்கப் போகிறவருக்கு இந்தக் கணக்குப் போதும். பேரடையைப் பிடிக்கப் போகிறவரை இது ஏமாற்றிவிடும். அந்த எண், செக்கனில் ஒரு சிறு பங்கு நேரம் மட்டும் திறக்கும் கமராவுக்காக அளந்த எண். பேரடைக்கோ அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் பிலிம் களைத்துப்போகும்.

இந்தக் களைப்பு எப்படி வருகிறது? வெள்ளி உப்புத் துகள் ஒன்றின் மீது ஓர் ஒளித்துணிக்கை விழுந்தால் ஒரு வெள்ளி அணு உருவாகும். அந்த ஓர் அணு நிலையற்றது. சற்று நேரத்தில் அது மீண்டும் பழைய நிலைக்கே போய்விடலாம். அதற்குள் அடுத்தடுத்த துணிக்கைகள் வந்து நான்கு அணுக்கள் அளவுக்குச் சேர்ந்தால்தான் பதிவு நிலைக்கும். பகல் வெளிச்சத்தில் துணிக்கைகள் மழைபோலக் கொட்டுவதால் பிரச்சினையில்லை. பேரடையிலிருந்து வருவது எப்போதோ ஒரு துளி. இரண்டாவது துளி வருமுன் முதலாவது காய்ந்துவிடும்.

இதை 19ஆம் நூற்றாண்டின் முடிவில் வியன்னாவிலுள்ள குஃப்னர் வானாய்வகத்தில் பணியாற்றியபோது அளந்து சூத்திரமாக்கியவர் கார்ல் சுவாட்சைல்ட். பிற்காலத்தில் கருந்துளைக் கணக்கோடு சேர்த்துப் பேசப்படுகிற அதே ஜேர்மனியர்தான். அவருடைய விதிப்படி, திறந்து வைத்த நேரத்தை அப்படியே எடுக்கக் கூடாது. 1ஐவிடச் சிறிய ஓர் அடுக்குக்கு உயர்த்தி எடுக்க வேண்டும். அந்த அடுக்கு 1ஆக இருந்தால் களைப்பே இல்லாத பிலிம். 0.9 என்றால் நல்ல பிலிம். 0.7 என்றால் விரைவில் களைக்கும் பிலிம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 வேகமுள்ள பிலிம் ஒன்றின் அடுக்கு 0.7 என்றும், 200 வேகமுள்ள இன்னொன்றின் அடுக்கு 0.9 என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலம், அதாவது 3600 செக்கன் திறந்து வைக்கிறோம். முதலாவதுக்கு அது சுமார் 309 செக்கன் ஒளி பட்டதற்குச் சமம், ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டாவதுக்குச் சுமார் 1587 செக்கன், இருபத்தாறு நிமிடம். வேகத்தையும் சேர்த்துப் பெருக்கினால் 200 பிலிம் 400 பிலிமைவிட இரண்டரை மடங்கு ஒளியைப் பதித்திருக்கும். அதிக விலை கொடுத்து வேகமான பிலிம் வாங்கியவர் மெதுவான பிலிம் வாங்கியவரிடம் தோற்றுப்போவது இப்படித்தான்.

தொலைகாட்டியின் தெரிவிலும் இது கைவைக்கும். நட்சத்திரம் போல ஒரு புள்ளியாக இல்லாமல் பரந்து தெரிகிற பேரடைக்கு முக்கியம் குவியத்தூரத்துக்கும் வாயின் அகலத்துக்கும் உள்ள விகிதம். எஃப்/5 தொலைகாட்டியில் 30 நிமிடம் போதுமான படத்துக்கு எஃப்/10இல் நான்கு மடங்கு, இரண்டு மணித்தியாலம் போதுமென்று நினைப்போம். 0.7 பிலிமில் அது மூன்றரை மணித்தியாலத்தையும் தாண்டும். அந்த நேரமெல்லாம் குறுக்குக் கம்பியுள்ள கண்வில்லையில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது அசையும்போதெல்லாம் பொத்தானை அழுத்தித் தொலைகாட்டியைத் திருத்திக்கொண்டு ஒருவர் குளிரில் நிற்க வேண்டும். நுளம்புக்கும் கை ஓங்க முடியாது.

சிவப்பு எங்கே போனது?

கறுப்பு வெள்ளை பிலிம் களைத்தால் படம் மங்கலாகும், அவ்வளவுதான். கலர் பிலிமில் மூன்று படலங்களும் மூன்று விதமாகக் களைக்கும். நீலப் படலம் தாக்குப்பிடிக்க, சிவப்புப் படலம் சோர்ந்தால் முழு வானமும் நீலமாகும். பச்சை மட்டும் தாக்குப்பிடித்தால் பாசி பிடித்த கிணறு போல இருக்கும். பிலிம் தயாரித்த நிறுவனங்களின் தகவற்தாள்கள் இதற்கு அதிகம் உதவவில்லை. அவை பெரும்பாலும் சில செக்கன்களுக்கோ ஓரிரு நிமிடங்களுக்கோ உரிய திருத்தத்தைச் சொல்லி நின்றுவிடும். பியூஜியின் புரோவியா 100எஃப் தாளில் 128 செக்கன் வரை எந்தத் திருத்தமும் வேண்டாம் என்று இருந்ததே பெரிய விடயம். மணிக்கணக்கில் என்ன நடக்கும் என்பதை வானம் பார்ப்பவர்கள் தாங்களே சுருள் சுருளாகச் சோதித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இதையும் தாண்டி ஒரு பிரச்சினை இருந்தது. பேரடையின் சுருள் கரங்களில் புதிய நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் ஐதரசன் வாயு ஒளிர்கிறது. அந்த ஒளி பெரும்பாலும் 656.3 நனோமீற்றர் என்ற அலைநீளத்தில், ஆழ்ந்த சிவப்பில் வருகிறது. கலர் பிலிம் செய்தவர்களோ மனிதத் தோலின் நிறம் சரியாக வரவேண்டும் என்பதையே கவனித்தார்கள். ஆழ்ந்த சிவப்பில் மனிதக் கண்ணே மந்தம் என்பதால், சில பிலிம்களின் சிவப்புப் படலம் 650ஐ எட்டும்போதே விழத் தொடங்கும். அப்படியான பிலிமில் பிடித்தால் பேரடையின் கரம் இருக்கும், நட்சத்திரம் பிறக்கும் இடங்கள் இருக்காது. பக்கத்திலிருக்கும் இன்னொரு பிலிமிலோ அதே இடங்கள் ரோஜாப் புள்ளிகளாகத் தெளிவாகத் தெரியும். இரண்டும் கடையில் ஒரே விலைதான்.

பச்சையிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒட்சிசன் ஒளிர்கிற 500.7 நனோமீற்றர், நீலப் படலத்துக்கும் பச்சைப் படலத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. ஒரியன் நெபுலாவைப் பெரிய தொலைகாட்டியில் கண்ணால் பார்ப்பவர்கள் இலேசான பச்சை என்பார்கள். பழைய பிலிம் படங்களில் அது செக்கச்செவேலென்று இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. கண் ஒரு பகுதியையும் பிலிம் இன்னொரு பகுதியையும் பார்க்கிறது.

1990களின் பிற்பகுதியில் வானப்படம் பிடிப்பவர்களிடையே கொடாக்கின் எக்டாகுரோம் ஈ200 என்ற ஸ்லைட் பிலிம் பெயர்பெற்றதற்குக் காரணம் இவைதான். வேகம் வெறும் 200. ஆனால் நீண்ட நேரத்தில் குறைவாகக் களைத்தது, மூன்று படலங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே களைத்தன, ஐதரசனின் சிவப்பை நன்றாகப் பிடித்தது. கழுவும்போது நேரத்தைக் கூட்டி அதன் வேகத்தை உயர்த்தவும் முடிந்தது. நெகட்டிவ் விரும்பியவர்கள் அதே நிறுவனத்தின் புரோ 400 பிபிஎஃப் பக்கம் போனார்கள்.

ஸ்லைட்டா நெகட்டிவ்வா என்பதிலும் வாக்குவாதம் இருந்தது. என் பார்வையில் தொடக்கக்காரருக்கு ஸ்லைட்தான் சரி. நெகட்டிவ் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதைத் தாளில் போடுவது கலர் லாப்பில் உள்ள இயந்திரம். அது கறுத்த வானத்தைக் கண்டதும் "வெளிச்சம் போதாத படம்" என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் சாம்பலாக்கித் தரும். அதைவிட மோசம் கத்தரிக்கோல். இருட்டுப் படத்தில் ஒரு சட்டம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் பேரடைக்கு நடுவால் வெட்டிவிடுவார்கள். உலகம் முழுவதும் வானப்படக்காரர்கள் இந்த வேதனையை அனுபவித்திருக்கிறார்கள். அதனால் சுருளின் முதற்படமாகப் பகலில் வீட்டையோ மரத்தையோ பிடித்து வைப்பது வழக்கமானது. வெட்டுபவருக்கு அது ஓர் அளவுக்கோடு.

களைப்பைக் குறைக்கவும் வழி தேடினார்கள். ஜெலற்றினுக்குள் இருக்கும் ஈரமும் ஒட்சிசனும்தான் களைப்பைக் கூட்டுகின்றன. எனவே பிலிமை ஓர் உலோகத் தாங்கியில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நைதரசனோடு சிறிதளவு ஐதரசன் கலந்த வாயுவை நிரப்பி, இளஞ்சூட்டில் மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் வைத்தார்கள். கறுப்பு வெள்ளை பிலிமில் இது அற்புதமாக வேலை செய்தது. கலர் பிலிமில் மூன்று படலங்களும் மூன்று விதமாக மாறி, வேறொரு நிறக்கோளாறைக் கொண்டுவருவதும் உண்டு. இன்னொரு வழி, உலர் பனிக்கட்டியால் பிலிமைக் கடுங்குளிரில் வைப்பது. எங்கள் ஊர் போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள இடங்களில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகும். வாங்கிய பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காவிட்டால், வானத்தைக் காணுமுன்பே அது பாதி கெட்டிருக்கும்.

மூன்று கறுப்பு வெள்ளைத் தட்டுகள்

பெரிய தொலைகாட்டிகளில் கலர் பிலிமைப் போட்டு முதலில் பெயர்பெற்ற படங்களை எடுத்தவர் கலிபோர்னியாவில் பலோமர் வானாய்வகத்தின் படப்பிடிப்பாளர் வில்லியம் மில்லர். 1950களின் கடைசியில், சுப்பர் அன்ஸ்கோகுரோம் என்ற பிலிமை 48 அங்குல ஷ்மிட் தொலைகாட்டியிலும் 200 அங்குலத் தொலைகாட்டியிலும் பயன்படுத்தினார். நீண்ட நேரத்தில் அந்தப் பிலிமின் நிறம் எவ்வளவு பிசகுகிறது என்பதைச் சோதித்து அளந்து, பிரதி எடுக்கும்போது வடிகட்டிகளால் அதைத் திருத்தினார். அன்ட்ரொமீடாவின் நடு மஞ்சளாகவும் கரங்கள் நீலமாகவும் இருப்பதைப் பொதுமக்கள் 1959இல் சஞ்சிகைகளில் பார்த்தார்கள்.

ஆனால் இந்தக் கதையில் மிகச் சிறந்த தீர்வு, கலர் பிலிமையே தூக்கி வைத்துவிட்ட ஒருவரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தில் பிறந்த இரசாயனவியலாளர் டேவிட் மலின் 1975இல் அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையிலுள்ள ஆங்கிலோ-அவுஸ்திரேலிய வானாய்வகத்தில் சேர்ந்தார். அவர் ஒரே பேரடையை மூன்று தடவை, மூன்று கறுப்பு வெள்ளைக் கண்ணாடித் தட்டுகளில், நீல, பச்சை, சிவப்பு வடிகட்டிகள் ஊடாகப் பதித்தார். பிறகு இருட்டறையில் அந்த மூன்றையும் அந்தந்த நிற ஒளியால் ஒரே பிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் கலர்ப் படமாக்கினார். ஒவ்வொரு தட்டின் களைப்பையும் தனித்தனியே கணக்கிட்டு நேரம் கொடுக்க முடிந்ததால், ஒரு படலத்தின் குறை இன்னொன்றைக் கெடுக்கவில்லை. ஆழ்ந்த சிவப்புக்கென்றே தயாரித்த தட்டில் ஐதரசனும் தப்பவில்லை. 1980களில் பாடப்புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் நாம் கண்ட பேரடைப் படங்களில் பல அவருடையவை.

யோசனை புதிதல்ல. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் லண்டனில் ஒரு கோடுபோட்ட ரிபனை மூன்று வடிகட்டிகளால் படம் பிடிக்கச் செய்து, மூன்று விளக்குகளால் திரையில் சேர்த்துக் காட்டினார். அதிலும் ஒரு வேடிக்கை. அன்றைய தட்டுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியவே தெரியாது. ரிபனின் சிவப்புப் பகுதி, கண்ணுக்குத் தெரியாத புறஊதாவையும் தெறித்ததால்தான் 'சிவப்பு'த் தட்டில் பதிந்தது என்று நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். உலகின் முதற் கலர்ப் படமே தற்செயலாகச் சரிவந்தது.

ஆகவே 'பூசின கலரா?' என்ற கேள்விக்கு வருவோம். மலினின் படத்தில் நீலம் இருக்கும் இடத்தில் உண்மையாகவே நீல ஒளி கூடுதலாக வருகிறது. இளமையான, மிகச் சூடான நட்சத்திரங்கள் நிறைந்த இடம் அது. மஞ்சள் நடுப்பகுதியில் இருப்பவை வயதான நட்சத்திரங்கள். ரோஜாப் புள்ளியில் ஐதரசன், கபிலக் கோட்டில் தூசி. நிறத்தின் செறிவைக் கூட்டியோ குறைத்தோ காட்டலாம். எது நீலம், எது சிவப்பு என்பதை இல்லாத இடத்திலிருந்து கொண்டுவரவில்லை. பிலிமின் தெரிவு பிழைத்தால், வயதான நட்சத்திரங்களையும் இளையவற்றையும் மாற்றி வாசிக்க நேரிடும். அதனால்தான் இவ்வளவு மினைக்கெட்டார்கள்.

மலினின் முறைக்கு இன்னொரு பலனும் உண்டு, அது நம்முடைய வீடுகளோடும் சம்பந்தப்பட்டது. கறுப்பு வெள்ளைத் தட்டில் படமாக நிற்பது உலோக வெள்ளி. அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வகத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து சேர்த்த சுமார் ஐந்து இலட்சம் கண்ணாடித் தட்டுகளை இன்றும் எடுத்து அளக்கிறார்கள். கலர் பிலிமிலும் தாளிலும் நிற்பது சாயம், அது சிதையும். அந்தக் காலத்துக் கலர்த் தாள்களில் பலவற்றில், இருட்டில் வைத்திருந்தால்கூட முதலில் தேய்வது சயன் சாயம். சயன் போனால் படம் சிவக்கும். வெக்கையும் ஈரமும் அதை விரைவாக்கும். இடம்பெயர்ந்த நாட்களில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பைக்குள் அகப்பட்டு வந்த நாலைந்து படங்களில், 1980களின் கலியாணக் கலர்ப் படம் செம்மஞ்சளாகிப் போயிருக்க, அதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். காரணம் இதுதான்.

சிவந்த படத்தை எறிந்துவிடாதீர்கள். தேய்ந்த சாயம் முழுவதும் போய்விடுவதில்லை. நல்ல ஸ்கானரில் எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரித்து, மங்கியதை மட்டும் உயர்த்திச் சேர்த்தால் முகங்களின் நிறம் பெருமளவுக்குத் திரும்பி வரும். மலின் இருட்டறையில் மூன்று தட்டுகளோடு செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். நெகட்டிவ் துண்டு எங்காவது அகப்பட்டால் அதிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது. ஒருமுறை ஸ்கான் செய்தபின் அதை உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

தொழில்முறை வானியலாளர்கள் பிலிமைக் கைவிட்டுவிட்டார்கள். நூறு ஒளித்துணிக்கை விழுந்தால் பிலிம் ஓரிரண்டைத்தான் பதிவுசெய்யும். இலத்திரனியல் உணரி பாதிக்கு மேல் பிடிக்கும், களைப்பதும் இல்லை. கொடாக் 2012இல் ஸ்லைட் பிலிம்களை நிறுத்துவதாக அறிவித்தது. 2018இல் எக்டாகுரோம் ஈ100 மட்டும் மீண்டும் வந்தது. அதைப் போட்டுப் பேரடை பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வீட்டில் பழைய பிலிம் கமரா ஒன்று வேலை செய்யும் நிலையில் இருந்தால் தொலைகாட்டி இல்லாமலே தொடங்கலாம். மார்கழியில் மழை விட்ட ஓர் இரவில், இருட்டிய கையோடு, வடக்கு வானில் உயரத்தில் அன்ட்ரொமீடா நிற்கும். 50 மில்லிமீற்றர் வில்லையை முழுதாகத் திறந்து, கமராவை முக்காலியில் பூட்டி, பத்துப் பதினைந்து செக்கன் கொடுத்தால் நட்சத்திரங்களுக்கிடையே ஒரு சிறு மங்கல் விழும். இரண்டு விதமான பிலிம் கிடைத்தால் இரண்டிலும் ஒரே இடத்தை, ஒரே நேரம் கொடுத்துப் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். சுருளின் முதற்படத்தைப் பகலில் எடுத்துவிடுங்கள். ஸ்ரூடியோவில் கொடுக்கும்போது, "கழுவினாப் போதும், வெட்ட வேண்டாம்" என்று உறையின் மேல் எழுதிக் கொடுங்கள்.